சைலண்ட் நைட்: எலி கடித்த ஆர்கன் முதல் பதுங்குகுழி வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்து கேரல் ஒத்திகை தொடங்கிவிட்டால் 'சைலண்ட் நைட்' என்ற இந்தக் கிறிஸ்துமஸ் பாட்டைப் பற்றி யாராவது ஒருவர் ஏதாவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். எலிக் கதை நிச்சயம் வரும். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இது ஆங்கிலப் பாட்டுதானே?

இல்லை, ஜெர்மன் மொழிப் பாட்டு. 'ஷ்டில்லே நாக்ட்' என்று தொடங்கும், 'அமைதியான இரவு' என்று அர்த்தம். பிறந்த இடம் ஆஸ்திரியாவில் சால்ஸ்பர்க் நகருக்கு வடக்கே சால்ஸாக் ஆற்றங்கரையில் இருக்கும் ஓபர்ன்டார்ஃப் என்ற சிறிய ஊர். முதன்முதலில் பாடப்பட்டது 1818 டிசம்பர் 24 இரவு, அங்கிருந்த புனித நிக்கோலா கோயிலில். நமக்கு ஆங்கிலம் வழியாக வந்து சேர்ந்ததால் ஆங்கிலப் பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆங்கில வரிகள் வந்தது அதற்கு 41 ஆண்டுகள் கழித்துதான்.

யார் எழுதியது, யார் மெட்டமைத்தது?

வரிகள் யோசப் மோர் என்ற இளம் குருவானவருடையவை. (பெயரைத் தமிழில் எழுதினால் மோர்க்குழம்பு நினைவுக்கு வருகிறது, என்ன செய்ய.) மெட்டு ஃபிரான்ஸ் சேவர் கிரூபர் என்ற பள்ளி ஆசிரியருடையது. கிரூபர் பக்கத்து ஊரான ஆர்ன்ஸ்டார்ஃபில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டு, ஓபர்ன்டார்ஃப் கோயிலுக்கு வந்து ஆர்கனும் (துருத்திக் காற்றில் ஒலிக்கும் பெரிய இசைக்கருவி) வாசித்துக்கொண்டிருந்தார். நெசவாளர் வீட்டுப் பிள்ளை, 1787இல் பிறந்தவர், மோரைவிட 5 வயது மூத்தவர்.

மோருடைய கதை இன்னும் சுவாரசியம். 1792இல் சால்ஸ்பர்கில் பிறந்தார். அம்மா பின்னல் வேலை செய்து பிழைத்த ஏழைப் பெண், அப்பா ஒரு படைவீரர், கல்யாணம் நடக்கவில்லை, அப்பா படையை விட்டும் குடும்பத்தை விட்டும் ஓடிப்போனார். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக வந்து பெயர் கொடுத்தவர் யார் தெரியுமா? சால்ஸ்பர்க் நகரத்தின் தூக்குத்தண்டனை நிறைவேற்றுபவர், அந்த வேலையில் இருந்த கடைசி ஆள். அவரும் நேரில் வராமல் ஒரு பணிப்பெண்ணைத் தன் சார்பில் அனுப்பி வைத்தார். முறைப்படி பிறக்காத பிள்ளை என்பதால் மோர் குருவாவதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. நல்ல குரல் இருந்ததைக் கவனித்த பேராலயக் குரு ஒருவர் படிக்க வைத்தார், 1815இல் குருப்பட்டம் கிடைத்தது.

ஓபர்ன்டார்ஃபில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தபோது அவருடைய மேலதிகாரி அவர்மீது புகார் எழுதி அனுப்பியிருக்கிறார். கிண்டலும் கேலியுமாகப் பெண்களோடு பேசுகிறார், ஒழுக்கத்துக்கு ஒவ்வாத பாட்டெல்லாம் பாடுகிறார் என்று. உலகமே பாடப்போகும் பக்திப் பாட்டை எழுதிய ஆளைப் பற்றி அதே காலகட்டத்தில் கோப்பில் ஏறிய குறிப்பு இது. எனக்கு அந்தப் புகார்க் கடிதத்தினாலேயே மோரைக் கூடுதலாகப் பிடிக்கும்.

அன்றைக்கு இரவு என்னதான் நடந்தது?

இதற்கு நம்பத்தகுந்த சாட்சி கிரூபரே தன் கைப்பட எழுதிவைத்த ஓர் அறிக்கை. தேதி 1854 டிசம்பர் 30. அதில் அவர் சொல்வது இவ்வளவுதான்: 1818 டிசம்பர் 24 அன்று மோர் ஒரு கவிதையைக் கொடுத்து, இரண்டு தனிக்குரலுக்கும் பாடகர் குழுவுக்கும் கிதார் துணையோடு பாடும்படி மெட்டமைத்துத் தரச் சொன்னார், அன்று மாலையே மெட்டைக் கொடுத்தேன், அன்றிரவே பாடினோம், எல்லாருக்கும் பிடித்திருந்தது.

பாடியது இப்படி. மோர் டெனார் குரலில் மேல் பாட்டைப் பாடிக்கொண்டு கிதாரும் வாசித்தார், கிரூபர் பாஸ் குரலில் கீழ்ப் பாட்டு. ஒவ்வொரு சரணத்திலும் கடைசி இரண்டு வரிகளைப் பாடகர் குழு நான்கு குரலில் திருப்பிப் பாடியது. திருப்பலி முழுக்க லத்தீனில் நடந்த காலம் அது, கிதார் சத்திரங்களில் வாசிக்கிற கருவி. அதனால் பூசைக்கு நடுவில் இல்லாமல், பூசை முடிந்த பிறகு குடிலுக்கு முன்னால் நின்று பாடியிருப்பார்கள் என்றுதான் இதைப் படித்தவர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். கேட்டவர்கள் படகோட்டிகளும் படகு கட்டுகிறவர்களும் அவர்களுடைய குடும்பங்களும். உப்பு ஏற்றிக்கொண்டு ஆற்றில் போகிற படகுகளை நம்பிய ஊர் அது, குளிர்காலத்தில் படகு ஓடாது, கையில் காசும் இருக்காது.

அப்போ எலி?

இதோ வந்துவிட்டது. ஆர்கனின் துருத்தியை எலி கடித்துவிட்டது, கிறிஸ்துமஸ் இரவில் ஆர்கன் வாசிக்க முடியாத நிலை, குருவானவர் பதறிப்போய் உட்கார்ந்து அவசரமாக ஒரு பாட்டு எழுதினார், அதுதான் இது என்பது கதை. ஞாயிறு பள்ளியில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் பல வருடம் அதையே மேடையில் சொல்லியிருக்கிறேன்.

கிரூபரின் அறிக்கையில் எலியும் இல்லை, ஆர்கன் கெட்டுப்போனதும் இல்லை. ஆர்கன் நல்ல நிலையில் இருக்கவில்லை என்பது உண்மை, சில வருடங்களில் அதை மாற்றித்தான் வைத்தார்கள். ஆனால் அதனால்தான் பாட்டு பிறந்தது என்று சம்பந்தப்பட்ட இருவருமே சொல்லவில்லை. எலி பின்னால் கதை எழுதியவர்கள் கொண்டுவந்து விட்டது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது, எலி கடித்ததால் அன்றைக்கு அவசரமாக எழுதிய பாட்டு என்றால் வரிகளும் அன்றைக்கே எழுதப்பட்டிருக்க வேண்டும். அது அப்படியில்லை என்பதற்கு 1995இல் ஆதாரம் கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

1816 என்று சிலர் எழுதுகிறார்கள், 1818 என்று சிலர் எழுதுகிறார்கள். எது சரி?

இரண்டும் சரி. வரிகள் 1816, மெட்டு 1818.

1995 வரைக்கும் கிரூபரின் அறிக்கையை வைத்து எல்லாமே 1818 என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு மோர் தன் கையால் எழுதிய பிரதி ஒன்று கண்டெடுக்கப்பட்டது, சுமார் 1820ஆம் ஆண்டு எழுதியது. அதில் மெட்டு கிரூபர் என்றும், வரிகள் உதவிப் பங்குத்தந்தை யோசப் மோர் 1816 என்றும் மோரே குறித்து வைத்திருக்கிறார். 1816இல் அவர் ஓபர்ன்டார்ஃபிலேயே இல்லை. மலைப்பகுதியில் இருக்கும் மரியாஃபார் என்ற ஊரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆக கவிதை இரண்டு வருடம் அவரிடமே கிடந்திருக்கிறது.

இந்த இரண்டு வருட வித்தியாசம் சின்ன விஷயமாகத் தெரியலாம், எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1816 எப்படிப்பட்ட ஆண்டு? நெப்போலியன் போர்கள் அப்போதுதான் முடிந்திருந்தன. தனி நாடாக இருந்த சால்ஸ்பர்க் அந்தப் போர்களில் கைமாறிக் கைமாறி, கடைசியில் 1816இல்தான் ஆஸ்திரியாவோடு சேர்க்கப்பட்டது. அந்தப் பகுதியில் இருந்த, பக்கத்து ஜெர்மன் நாடான பவேரியாவின் படைகள் அப்போதுதான் வெளியேறின. ஓபர்ன்டார்ஃபும் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் லாஃபனும் அதுவரை ஒரே ஊர். எல்லைக் கோட்டை ஆற்றின் நடுவில் போட்டதும் ஒரு கரை ஆஸ்திரியா, மறுகரை பவேரியா. போதாததற்கு முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்ததில் ஐரோப்பாவில் 1816 கோடைகாலமே இல்லாத ஆண்டாகிவிட்டது, விளைச்சல் போய் சனங்கள் பசியில் கிடந்தார்கள். அந்த ஆண்டில் 23 வயசுப் பையன் ஒருவன் உட்கார்ந்து 'எல்லாம் உறங்குகிறது' என்று எழுதுகிறான். எலிக் கதையைவிட இது எவ்வளவோ மேல், இல்லையா?

இவ்வளவு சின்ன ஊர்ப் பாட்டு வெளியே எப்படிப் போனது?

ஆர்கன் செய்கிறவர் ஒருவர் மூலமாக. பெயர் கார்ல் மௌராக்கர், ஆஸ்திரியாவின் டிரோல் பகுதியில் உள்ள ஸில்லர்டால் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவர். வேலையாக ஓபர்ன்டார்ஃப் பக்கம் வந்தவர் பாட்டின் பிரதி ஒன்றை ஊருக்கு எடுத்துப்போனார். (ஆர்கன் இல்லாமல் பாடிய பாட்டைப் பரப்பியது ஓர் ஆர்கன்காரர்!)

ஸில்லர்டாலில் அப்போது ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்கிற குடும்பங்கள் இருந்தன, சந்தையில் சரக்கு விற்றுக்கொண்டே பாட்டும் பாடுவார்கள். கையுறை விற்ற ஸ்ட்ராஸர் குடும்பம் 1831 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜெர்மனியின் லைப்சிக் நகருக்குப் போனபோது இதைப் பாடியது, கேட்டவர்களுக்குப் பிடித்துப்போய் மேடைக் கச்சேரி வரை போனது. அதற்கடுத்து டிரெஸ்டன் நகரில் ஒரு பதிப்பாளர் 'அசல் டிரோல் பாட்டுகள் நான்கு' என்று அச்சடித்து விற்றார், அதில் இதுவும் ஒன்று. அதே பள்ளத்தாக்கைச் சேர்ந்த ரைனர் குடும்பம் கடல் கடந்து 1839 கிறிஸ்துமஸ் அன்று நியூயார்க்கில் டிரினிட்டி கோயில் வளாகத்தில் பாடியது.

கவனித்தீர்களா, 'டிரோல் பாட்டு' என்று போட்டுவிட்டார்கள். எழுதியவர் பெயரும் இல்லை, மெட்டமைத்தவர் பெயரும் இல்லை. நாட்டுப்பாட்டாகவே நினைத்துவிட்டார்கள்.

ஹைடன் இசையமைத்தது என்று எங்கோ படித்தேனே?

அப்படி நம்பியவர்களில் பெர்லின் அரசவை இசைக்குழுவும் உண்டு. பிரஷ்ய அரசவையில் இந்தப் பாட்டுக்கு நல்ல மவுசு. 1854இல் அங்கிருந்து சால்ஸ்பர்கின் புனித பேதுரு மடத்துக்குக் கடிதம் வந்தது: மிக்கேல் ஹைடன் (பிரபலமான இசையமைப்பாளர் யோசப் ஹைடனின் தம்பி, சால்ஸ்பர்கில் வேலை பார்த்தவர்) எழுதிய இந்தப் பாட்டின் மூலப்பிரதி உங்களிடம் இருக்கிறதா என்று. அந்த மடத்தில் அப்போது பாடகனாக இருந்த ஒரு பையனின் பெயர் ஃபெலிக்ஸ் கிரூபர். நம் கிரூபரின் மகன்தான்! 'இது எங்க அப்பா பாட்டாச்சே' என்று விஷயம் வீட்டுக்குப் போக, 67 வயதான கிரூபர் உட்கார்ந்து எழுதியதுதான் நான் மேலே சொன்ன டிசம்பர் 30 அறிக்கை.

மோர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1848 டிசம்பர் 4 அன்று வாக்ரைன் என்ற மலையூரில் நுரையீரல் நோயில் இறந்துபோனார். கையில் இருந்ததையெல்லாம் அந்த ஊரில் பள்ளிக்கூடம் கட்டவும் ஏழைப் பிள்ளைகள் படிக்கவும் செலவழித்தவர். பாட்டு அப்போதே அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டிருந்தது.

ராயல்டி ஏதாவது கிடைத்ததா? இப்போது பதிப்புரிமை இருக்கிறதா?

ஒரு காசு கிடைக்கவில்லை. இப்போது பதிப்புரிமையும் கிடையாது, மூல வரியையும் மெட்டையும் யார் வேண்டுமானாலும் பாடலாம், பதிவு செய்யலாம். புதிதாக யாராவது செய்த இசைக்கோர்ப்பையோ புது மொழிபெயர்ப்பையோ எடுத்தால் மட்டும் அதற்கு உரிமை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எத்தனை சரணம்? நாம் 3தானே பாடுகிறோம்?

மோர் எழுதியது 6. உலகம் முழுக்கப் பாடுவது 1, 2, 6. ஆங்கிலத்தில் அதையும் வரிசை மாற்றி 1, 6, 2 என்று பாடுகிறார்கள், அதாவது மேய்ப்பர்கள் இரண்டாவதாக வருவார்கள்.

விட்டுப்போன மூன்றில் நாலாவது சரணத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதுதான் பாட்டின் நடு முள்ளெலும்பு. அதன் பொருள் கிட்டத்தட்ட இப்படி வரும்: இன்றைக்குத் தந்தையின் அன்பு முழு பலத்தோடு கொட்டியது, இயேசு ஒரு சகோதரனைப் போல உலகத்து மக்களினங்களை எல்லாம் அணைத்துக்கொண்டார். சகோதரன், மக்களினங்கள் என்ற இரண்டு சொல்லும் ஒரே வரிக்குள். நாடுகள் ஒன்றையொன்று இருபது வருடம் வெட்டிக்கொண்டு ஓய்ந்த 1816இல், எல்லைக் கோடு போட்ட கையோடு எழுதிய வரி அது. ஐந்தாவது சரணம் ஆண்டவர் கோபத்தை விட்டுவிட்டு உலகத்துக்கே இரக்கம் வாக்களித்ததைப் பேசும், அதுவும் அந்தக் காலத்தோடு ஒட்டித்தான் இருக்கிறது. காலத்தோடு ஒட்டிய சரணங்களை விட்டுவிட்டு எந்தக் காலத்துக்கும் பொருந்துகிற குழந்தைக் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டதால்தான் பாட்டு இவ்வளவு தூரம் ஓடியது என்று சொல்ல இடமிருக்கிறது. இருந்தாலும் எனக்கு மனசு கேட்பதில்லை.

ஆங்கில வரிகளும் ஜெர்மன் வரிகளும் ஒன்றுதானா?

பொதுவாக ஒத்துப்போகும். ஆங்கில மொழிபெயர்ப்பைச் செய்தவர் ஜான் ஃப்ரீமன் யங், 1859இல் வெளியிட்டார். அப்போது அவர் நியூயார்க் டிரினிட்டி கோயிலில் உதவிக் குரு, ஆம், 20 ஆண்டுகளுக்கு முன் ரைனர் குடும்பம் பாடிய அதே கோயில். பின்னால் ஃப்ளோரிடாவில் பேராயர் ஆனார்.

இரண்டு இடம் மட்டும் கவனியுங்கள். ஜெர்மனில், 'எல்லாம் உறங்குகிறது, அந்தப் பரிசுத்தமான தம்பதி மட்டும் தனியாக விழித்திருக்கிறார்கள்' என்று வரும். ஊரே தூங்கும்போது பச்சைப்பிள்ளையை வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கிற அப்பாவும் அம்மாவும். ஆங்கிலத்தில் அது கன்னித்தாயும் குழந்தையும் என்று ஆகிவிட்டது. பாவம், சூசையப்பர் மொழிபெயர்ப்பில் காணாமல் போனார். அடுத்து ஜெர்மனில் குழந்தைக்குச் 'சுருட்டை முடி' உண்டு. மரியாஃபார் கோயிலில் பழைய பீடப் படம் ஒன்றில் சுருட்டை முடியோடு குழந்தை இயேசு இருக்கிறார், மோர் தினமும் பார்த்த அந்தப் படம்தான் வரியில் வந்தது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஆங்கிலத்தில் முடி போய், மென்மையும் சாந்தமும் வந்தது.

தமிழில் எப்படி வந்தது?

சீர்திருத்தச் சபைப் பாமாலைப் புத்தகத்தில் 'ஒப்பில்லா திரு இரா' என்று இதே மெட்டில் ஒரு பாட்டு உண்டு, தமிழ்நாட்டில் பலருக்கு வயசானவர்கள் பாடிக் கேட்ட பழக்கம் இருக்கும். மெட்டோடு சொல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு தடவை மெதுவாகப் பாடிப் பாருங்கள். முதல் இரண்டு துண்டுகளும் நீண்டு நிற்கிற சுரத்தில் முடியும்; தமிழில் சரியாக அந்த இடத்தில் 'லா', 'ரா' என்று இரண்டு நெடில், வாயைத் திறந்து எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். ஆங்கிலத்தில் அதே இடத்தில் 'நைட்' என்று டகரம் வந்து அடைக்கும்.

ஆனால் இது வரிக்கு வரி மொழிபெயர்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்ச் சரணம் தொட்டிலைக் காட்டாது, பிதா தன் ஒரே மைந்தனை உலகத்துக்கு அனுப்பிய இரவு என்று நேராகப் பொருளுக்குப் போய்விடும். தூங்குகிற குழந்தையும் இல்லை, சுருட்டை முடியும் இல்லை. தாலாட்டுக்குப் பேர்போன மொழியில் தாலாட்டு விட்டுப்போனது எனக்கு ஒரு சின்னக் குறைதான்.

அப்படி என்ன இருக்கிறது அந்த மெட்டில்?

சங்கராபரண ராகத்தின் சுரங்களில் சொல்கிறேன், மேற்கத்திய மேஜர் ஸ்கேல் சுரங்கள் அதேதான். தொடக்கம் 'ப தபக, ப தபக'. அவ்வளவுதான், ஒரு படி ஏறி, இறங்கி, கொஞ்சம் கீழே போய் நிற்கிறது, அப்புறம் அதையே இன்னொரு தடவை. தொட்டிலை ஒரு தள்ளு தள்ளி, திரும்பி வந்ததும் மறுபடி ஒரு தள்ளு. மூன்று மூன்றாக எண்ணுகிற ஆறு எண்ணிக்கைத் தாளம், நம் ஊர் தாலாட்டும் பெரும்பாலும் இந்த ஆட்டத்தில்தான் வரும். அப்புறம் மேல் ரிஷபத்துக்குப் போய் 'ரிரிநி, ஸஸப', அடுத்து 'ததஸநித பதபக', அதுவும் இரண்டு தடவை. கிதாரில் மூன்று கார்டு (சேர்த்து ஒலிக்கும் சுரக்கூட்டு) போதும், படிக்க ஆரம்பித்து ஒரு மாதம் ஆன பையன் வாசித்துவிடுவான்.

எளிமையான மெட்டு என்று எல்லாரும் சொல்வார்கள், பாதிதான் உண்மை. 'உறங்கு' என்று கடைசிக்கு முந்தைய வரி வரும் இடத்தில் 'ரிரிமரிநி' என்று மேல் மத்திமம் வரை ஏறும், கடைசி வரி அங்கிருந்து வழுக்கிக்கொண்டே வந்து கீழ் ஸட்ஜமத்தில் முடியும். ஒரு ஸ்தாயிக்கும் மேலே இன்னும் நான்கு சுரம்! பயிற்சி இல்லாத தொண்டைக்கு அது அதிகம். இருந்தும் யாரும் புகார் சொல்வதில்லை, ஏனென்றால் உச்சத்துக்குப் போகிற இடத்தில்தான் எல்லாரும் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். சத்தம் போட்டு ஏறுகிற பாட்டுகள் எத்தனையோ உண்டு, அடங்கிக்கொண்டே ஏறுகிற பாட்டு இது.

வாய்வழியாகப் போனதில் சில சுரங்கள் தேய்ந்தும் விட்டன. கிரூபரின் மூலத்துக்கும் நாம் பாடுவதற்கும் சில இடங்களில் வித்தியாசம் இருக்கிறது, மூலம் கொஞ்சம் துள்ளலாக இருக்கும்.

1914இல் போரையே நிறுத்திய பாட்டு என்பது உண்மையா?

நிறுத்தியது என்பது கொஞ்சம் கூட. முதல் உலகப் போரின் முதல் கிறிஸ்துமஸுக்கு மேற்குப் போர்முனையில், குறிப்பாக பெல்ஜியத்தின் ஈப்ர நகரைச் சுற்றி, பல இடங்களில் ஜெர்மன் வீரர்களும் பிரிட்டிஷ் வீரர்களும் உத்தரவு இல்லாமலே சுடுவதை நிறுத்தினார்கள். ஜெர்மன் பதுங்குகுழிகளின் விளிம்பில் சின்னச் சின்ன மரங்களும் மெழுகுவத்திகளும் தெரிந்தன, பாட்டு கேட்டது, இந்தப் பாட்டும் கேட்டது என்று வீரர்களின் கடிதங்களிலும் நினைவுகளிலும் வருகிறது. பெர்லின் ஓபராப் பாடகர் வால்ட்டர் கிர்ச்ஹாஃப் முன்னணிக்கே வந்து பாடினார், எதிர்ப்பக்கத்திலிருந்து கைதட்டினார்கள் என்றும் பதிவு உண்டு. மறுநாள் நடுவில் வந்து கைகுலுக்கினார்கள், சிகரெட் மாற்றிக்கொண்டார்கள், அங்கங்கே கிடந்த பிணங்களைப் புதைத்தார்கள்.

வேறு பல இடங்களில் அன்றைக்கும் சுட்டுக்கொண்டுதான் இருந்தார்கள், ஆட்களும் செத்தார்கள். போர் இன்னும் நான்கு வருடம் நடந்தது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு இப்படி நடக்கக்கூடாது என்று மேலிடம் கறாராகச் சொல்லிவிட்டது. பாட்டு செய்த வேலை என்று நான் பார்ப்பது இதுதான்: இரண்டு பக்கமும் தெரிந்த மெட்டு, எதிரியின் மொழியில் கேட்டாலும் என்ன பாட்டு என்று உடனே புரியும். அதற்குக் காரணம் நியூயார்க்கில் 1859இல் அச்சான அந்த ஆங்கில வரிகள், அதற்கு முன்னால் கையுறை வியாபாரிகள்.

யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியம் என்று அறிவித்துவிட்டதா?

அடிக்கடி பகிரப்படும் தவறான செய்தி. 2011இல் இது சேர்ந்தது ஆஸ்திரியாவின் தேசிய அளவிலான மரபுப் பட்டியலில். அந்தப் பட்டியலை அங்குள்ள யுனெஸ்கோ ஆணையம் பராமரிக்கிறது, அதனால் வந்த குழப்பம். எத்தனை மொழியில் இருக்கிறது என்றும் கேட்பார்கள், 300க்கு மேல் என்று சொல்வது வழக்கம்.

பாடப்பட்ட அந்தக் கோயில் இப்போதும் இருக்கிறதா?

இல்லை. சால்ஸாக் ஆறு திரும்பத் திரும்ப வெள்ளம் வந்து ஊரையே சாப்பிட்டது. 19ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்து வெள்ளங்களுக்குப் பிறகு ஊரை மேல்பக்கமாக நகர்த்தினார்கள், பழைய கோயிலை இடித்துவிட்டார்கள். அது நின்ற இடத்தில் 1924இல் ஒரு சிற்றாலயம் கட்டத் தொடங்கி 1937இல் மந்திரித்து வழிபாட்டுக்குத் திறந்தார்கள். எட்டுப் பட்டை வடிவில் வெள்ளையாகக் குட்டியாக இருக்கும், கொஞ்சம் பேர் உட்கார்ந்தாலே நிரம்பிவிடும். கண்ணாடி ஜன்னல் ஒன்றில் மோர், இன்னொன்றில் கிரூபர்.

இதில் ஒரு விசித்திரம். மோர் உயிரோடு இருந்தபோது யாரும் அவரைப் படம் வரைந்து வைக்கவில்லை. பின்னால் சிலை செய்ய ஆசைப்பட்ட சிற்பி (அவரும் ஒரு குருவானவர்) முகம் தெரியாமல் தவித்து, வாக்ரைன் கல்லறையைத் தோண்டி மண்டை ஓட்டை எடுத்து அதை வைத்து முகத்தை அமைத்தார். மண்டை ஓடு திரும்பக் கல்லறைக்குப் போகவில்லை, அந்தச் சிற்றாலயத்துச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள். உடல் வாக்ரைனில், தலை ஓபர்ன்டார்ஃபில், கிதார் ஹாலைன் நகர அருங்காட்சியகத்தில். கிரூபர் கடைசிக் காலத்தில் ஹாலைனில்தான் இருந்தார், 1863இல் அங்கேயே இறந்தார், அவர் வீட்டு வாசலுக்கு எதிரிலேயே கல்லறை. டிசம்பரில் அதன்மேல் கிறிஸ்துமஸ் மரம் வைப்பார்கள்.

போக வாய்ப்பிருந்தால் டிசம்பர் 24 மாலை 5 மணிக்குச் சிற்றாலயத்துக்கு முன்னால் நில்லுங்கள், இரண்டு குரல், ஒரு கிதார் என்று பழைய முறையிலேயே பாடுவார்கள். அந்த ஊர்ப்பக்கம் பலர் 24ஆம் தேதிக்கு முன்னால் இதைப் பாடுவதே இல்லை. நாம் நவம்பர் கடைசியிலேயே துணிக்கடை ஒலிபெருக்கியில் கேட்க ஆரம்பித்துவிடுகிறோம்.

எங்கள் குழுவில் பாட எந்த சுருதி வைக்கலாம்?

கிரூபர் வைத்தது டி மேஜர், நம் கணக்கில் 2 கட்டை. இரண்டு தேர்ந்த குரலுக்கு அது அழகு, சபையார் எல்லாரும் சேர்ந்து பாடினால் அந்த மேல் மத்திமத்தில் பாதிப்பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். பி ஃபிளாட்டுக்கு இறக்குங்கள், பல பாட்டுப் புத்தகங்களில் அதுதான் இருக்கும். கீபோர்டில் தாளப் பெட்டியைத் தயவுசெய்து போடாதீர்கள். ஒரு வருடம் எங்கள் ஊரில் மெழுகுவத்தி ஏற்றிய பிறகு கரண்ட் போய், மைக்கும் கீபோர்டும் செத்து, யாரோ ஒரு பையன் முன் படியில் உட்கார்ந்து கிதாரில் மூன்று கார்டை வைத்துக்கொண்டே சமாளித்தான். மூன்றாவது சரணம் முடிகிறபோது கரண்ட் வந்தது, விளக்கைப் போட வேண்டாம் என்று பின்பக்கமிருந்து யாரோ கத்தினார்கள்.